லாரி ஹோம்ஸ்: அலிக்கும் டைசனுக்கும் நடுவே ஏழு வருடம்

ஒரு வாசகர், ஜூன் 3

குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. வயதாகித் தளர்ந்துபோன முகமது அலியை அடித்தார். மற்றபடி பெயர் தெரியாத ஆட்களோடு மோதிக் காலத்தை ஓட்டினார். மைக்கேல் ஸ்பிங்க்ஸ் வந்தார், பட்டம் போயிற்று. டைசன் வந்தார், ஹோம்ஸ் விழுந்தார். அலிக்கும் டைசனுக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அவ்வளவுதான். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

இல்லை என்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் அந்த நாற்காலிக் காலம். 1978 ஜூன் 9 முதல் 1985 செப்டம்பர் 21 வரை, ஏழு வருடத்துக்கும் மேல். அதற்கு முன் ஹெவிவெயிட் பட்டத்தை அதைவிட நீண்ட காலம் வைத்திருந்தவர் ஜோ லூயிஸ் ஒருவர்தான்.

அடுத்து, "பெயர் தெரியாத ஆட்கள்". மைக் வீவரை 1979இல் ஹோம்ஸ் நிறுத்தினார், அதாவது சண்டையைத் தொடர முடியாதபடி அடித்தார். அடுத்த வருடமே வீவர் டபிள்யூ.பி.ஏ. சாம்பியன் (உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்று அது; டபிள்யூ.பி.சி. இன்னொன்று). டிரெவர் பெர்பிக்கை 1981இல் 15 சுற்றில் வென்றார். 1986இல் பெர்பிக் டபிள்யூ.பி.சி. சாம்பியன். 1983இல் தோற்ற டிம் விதர்ஸ்பூன் பிறகு இரண்டு முறை உலகப் பட்டம் வென்றார். 1984இல் தோற்ற 'போன்கிரஷர்' ஸ்மித்தும் பின்னால் டபிள்யூ.பி.ஏ. பட்டம் வாங்கினார். ஹோம்ஸ் அடித்தபோது இவர்கள் யாருக்கும் பெயர் இல்லை, உண்மைதான். பெயர் அதற்கப்புறம் வந்தது. இதில் ஹோம்ஸின் குற்றம் என்ன?

ஜூன் 4

தொடக்கத்தைச் சொல்லாமல் பட்டத்தைப் பற்றிப் பேசுவது சரியாக இல்லை.

ஜார்ஜியாவில் 1949இல் பிறந்து, பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் வளர்ந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, மணிக்கு 1 டாலர் கூலிக்குக் கார் கழுவப் போனார். அப்புறம் லாரி ஓட்டினார்.

1972 ஒலிம்பிக் தேர்வில் டுவேன் பாபிக்கோடு மோதினார். அடிவாங்கி விழுந்தார். எழுந்து, திரும்பத் திரும்ப எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நடுவர் தகுதி நீக்கம் செய்துவிட்டார். "இந்தப் பையனுக்கு நெஞ்சுரம் கிடையாது" என்ற பேச்சு அன்று ஒட்டிக்கொண்டது. ஒரு குத்துச்சண்டைக்காரன்மேல் இதைவிட மோசமான முத்திரை குத்த முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1973 மார்ச்சில் தொழில்முறைக்கு வந்தார். முதல் சண்டை நான்கு சுற்று, புள்ளிக் கணக்கில் வெற்றி. வயிற்றுப்பாட்டுக்கு ஸ்பாரிங். அலியின் டீர் லேக் முகாமில் அவரோடு பயிற்சிச் சண்டை போட்டார். ஃப்ரேசியர், ஷேவர்ஸ் என்ற வேறு இரண்டு பெரிய சண்டைக்காரர்களோடும் அதே வேலை. ஸ்பாரிங் ஆள் என்றால் பெரியவர் எதைப் பழக விரும்புகிறாரோ அதை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவரை மிஞ்சிக் காட்டக் கூடாது. அலி குத்தியதில் கண் வீங்கியபோது, ஊரில் போய்க் காட்ட வேண்டும் என்று ஐஸ் வைக்க விடவில்லையாம். ஹோம்ஸே சொல்லும் கதை இது.

1975 அக்டோபர் 1. அலியும் ஃப்ரேசியரும் மணிலாவில் ஒருவரை ஒருவர் சாகடித்துக்கொண்ட அந்த நாளில், அதே மேடையில் அதற்கு முன்னால் நடந்த ஒரு சண்டையில் ரோட்னி பாபிக்கை ஆறாவது சுற்றில் நிறுத்தியவர் ஹோம்ஸ். அந்த நாளைப் பற்றிப் பேசும் யாருக்கும் அது நினைவில் இருப்பதில்லை.

ஜூன் 5

"நார்டனிடமிருந்துதானே பட்டம் வாங்கினார், நார்டன் எப்போது சாம்பியன் ஆனார்?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஹோம்ஸுக்கு வந்த பாதித் தொல்லை இங்கேதான் ஆரம்பம்.

1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸ் (மைக்கேலின் அண்ணன்) அலியைத் தோற்கடித்தார். அடுத்து நார்டனோடு மோத வேண்டும் என்றது டபிள்யூ.பி.சி. லியோனோ, பணம் அலியோடான மறுசண்டையில் இருக்கிறது என்று அந்தப் பக்கம் போனார். டபிள்யூ.பி.சி. பட்டத்தைப் பறித்து, நார்டன் 1977 நவம்பரில் ஜிம்மி யங்கை வென்றிருந்ததைப் பட்டச் சண்டையாகக் கணக்கில் எடுத்து, அவரைச் சாம்பியன் என்று அறிவித்தது. ஒரு பட்டச் சண்டைகூட வெல்லாமல் நார்டன் சாம்பியன் ஆனது இப்படித்தான். செப்டம்பரில் அலி லியோனை வென்று மற்றொரு பெல்ட்டை, அதாவது டபிள்யூ.பி.ஏ. பட்டத்தை, திரும்ப எடுத்தார். மக்களுக்கு நிஜச் சாம்பியன் அலிதான். ஹோம்ஸ் கையில் இருந்தது ஒரு காகிதம் என்று நினைத்தார்கள்.

அந்தக் காகிதத்துக்கு அவர் கொடுத்த விலையை அடுத்து எழுதுகிறேன்.

ஜூன் 5, பின்னிரவு

நார்டன் சண்டை, லாஸ் வேகாஸ், சீசர்ஸ் பேலஸ். சண்டைக்குச் சில நாள் முன்பு ஹோம்ஸின் இடக்கைத் தசையில் காயம். அவருடைய சொத்தே அந்த இடக்கைதான். வெளியே மூச்சு விடவில்லை.

14 சுற்று முடிந்தபோது மதிப்பெண் போட்ட மூன்று பேரின் தாளிலும் இருவரும் சமம். தலைக்கு ஏழு சுற்று. பட்டம் முழுவதும் மூன்றே நிமிடத்தில் போய் நின்றது. 15ஆவது சுற்றை இரண்டு பேர் ஹோம்ஸுக்கும் ஒருவர் நார்டனுக்கும் கொடுத்தார்கள். 143–142, 143–142, 142–143.

இந்தச் சண்டையை நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து மதிப்பெண் போட்டுப் பார்த்திருக்கிறேன். வர்ணனையோடு பார்த்தால் ஒரு கணக்கு வருகிறது, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் வேறு கணக்கு. நார்டன் முன்னேறிக்கொண்டே இருப்பார். கண் தானாகவே முன்னேறுகிறவன் பக்கம் சாயும். ஒலி இல்லாமல் பார்க்கும்போதுதான், ஒவ்வொரு முறை அவர் முன்னேறும்போதும் முகத்தில் ஒரு ஜாப் (இடக்கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து) இறங்குவது தெரியும். தலை சட்டென்று பின்னால் போய் வரும். 15ஆவது சுற்றுக்கு மட்டும் எந்த ஒலியும் தேவையில்லை. இரண்டு பேருக்கும் காலில் ஒன்றும் மிச்சமில்லை, நின்ற இடத்தில் நின்று அடித்துக்கொள்கிறார்கள். நார்டன் நன்றாகத் தொடங்குகிறார், ஹோம்ஸ் கடைசி நொடிகளில் எடுத்துக்கொண்டு போகிறார். நான் அந்தச் சுற்றை ஹோம்ஸுக்குத்தான் கொடுத்தேன். நார்டனுக்குக் கொடுப்பவரோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

ஜூன் 7

ஜாப் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு.

சின்ன வயதில் கொஞ்ச காலம் கையுறை மாட்டியிருக்கிறேன். முதல் நாள் சொல்லிக் கொடுப்பது ஜாப்தான். முன்கால் அரை அடி முன்னே போக வேண்டும், தோள் அதோடு போக வேண்டும், முஷ்டி கடைசியில் திரும்ப வேண்டும். போன வழியிலேயே கை திரும்பி வந்து தாடையை மூட வேண்டும். வாத்தியார் கையில் ஒரு பிரம்பு இருக்கும். கை தாழ்வாகத் திரும்பி வந்தால் முழங்கையில் ஒரு தட்டு. அதனால் ஹோம்ஸை முதலில் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மனிதர் இடக்கையை இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்!

காரணம் இருக்கிறது. தாடை உயரத்திலிருந்து வரும் குத்தை எதிராளி நேராகப் பார்க்கிறான். இடுப்பிலிருந்து கிளம்புவது அவன் பார்வைக்குக் கீழேயிருந்து ஏறி வருகிறது; தெரியும்போது மூக்கில் இருக்கும். பாம்பு நாக்கை நீட்டி இழுப்பதுபோல் அவ்வளவு வேகம், ஆனால் தள்ளிவிடும் பலமும் உண்டு. 6 அடி 3 அங்குல உயரம், 81 அங்குலக் கை வீச்சு. பலரும் ஜாபைத் தூரம் அளக்கப் பயன்படுத்துவார்கள். ஹோம்ஸ் அதை வைத்தே சண்டையை முடிப்பார். இரண்டு ஜாப், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மூன்று ஜாப், அதன் பின்னால் வலக்கை. எதிராளி எந்த எண்ணிக்கையையும் நம்ப முடியாது. பத்தாவது சுற்றுக்கு வரும்போது அவன் கண் பாதி மூடியிருக்கும்.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: அந்தத் தாழ்ந்த இடக்கைக்கு அவர் வாழ்நாள் முழுக்க வரி கட்டினார். இடக்கை கீழே இருந்தால் தாடையின் இடப்பக்கம் திறந்தே இருக்கும். எதிராளியின் வலக்கைக்கு அதுதான் வாசல். 1979இல் ஷேவர்ஸ், 1981இல் ஸ்னைப்ஸ், 1988இல் டைசன் என மூன்று பேரும் வலக்கையால்தான் அவரைக் கீழே தள்ளினார்கள். அவருக்கும் இது தெரியும், பயிற்சியாளர்களுக்கும் தெரியும். கையைத் தூக்கி வைத்திருந்தால் அந்த ஜாப் இருந்திருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தெரிந்தே தேர்ந்தெடுத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 8

இப்போது அந்த "நெஞ்சுரம் கிடையாது" முத்திரைக்கு வருகிறேன்.

1979 செப்டம்பர் 28, எர்னி ஷேவர்ஸோடு இரண்டாவது சண்டை. முதல் சண்டையில், 1978 மார்ச்சில், 12 சுற்றும் ஜாபிலேயே அவரை அலைய வைத்து வென்றிருந்தார். ஷேவர்ஸைப் போல அடிக்கக்கூடியவன் ஹெவிவெயிட்டில் இல்லை என்பார்கள். அடி வாங்கியவர்கள் சொன்னது, அதனால் நம்பலாம். ஏழாவது சுற்றில் அந்த வலக்கை வந்தது. ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார்.

அந்த நொடிகளை நான் பலமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். விழுந்தவனின் உடம்பில் எங்கே முதலில் உயிர் வருகிறது என்று பாருங்கள். சாதாரணமாகத் தலை எழும், அப்புறம் முழங்கை. ஹோம்ஸ் எழுந்தபோது கால் இன்னும் அவருடையதாக இல்லை. ஆனால் நின்றுவிட்டார். ஷேவர்ஸ் பாய்ந்து வந்து வீசுகிறார். மீதிச் சுற்றை ஹோம்ஸ் கயிறோடு கயிறாக, கட்டிப் பிடித்து, தலையை ஆட்டிக் கடத்தினார். 11ஆவது சுற்றில் ஷேவர்ஸை நிறுத்தினார்.

ஸ்னைப்ஸ் சண்டையிலும் இதே கதை. ஏழாவது சுற்று, வலக்கை, கீழே. எழுந்து நடக்கப் போனவர் தடுமாறிப் போய் மூலைக் கம்பத்தில் மோதினார். 11ஆவது சுற்றில் ஸ்னைப்ஸை நிறுத்தினார்.

1972இல் கட்டிப் பிடித்ததற்குப் பெயர் கோழைத்தனம். 1979இல் கட்டிப் பிடித்ததற்குப் பெயர் அனுபவம். செய்கை ஒன்றுதான். எப்போது, எதற்காகப் பிடிக்க வேண்டும் என்பதை இடையில் இருந்த ஏழு வருட ஸ்பாரிங் சொல்லிக் கொடுத்தது. ஒரு குத்துச்சண்டைக்காரனின் தொழில் வாழ்க்கையை எதை வைத்து அளப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்: விழுந்த சுற்றுக்கும் ஜெயித்த சுற்றுக்கும் நடுவே இருக்கும் அந்த மூன்று சுற்றுகள்.

ஜூன் 10

அலி சண்டையைத் தவிர்க்கிறேன் என்கிறார்கள். தவிர்க்கவில்லை, எழுதக் கை வரவில்லை.

1980 அக்டோபர் 2. அலிக்கு 38 வயது, இரண்டு வருடம் ரிங்கில் இறங்கவில்லை. எடையைக் குறைத்துக்கொண்டு, தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு, பார்க்கப் பழைய அலி மாதிரியே வந்தார். தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் சக்தியும் நீரும் வற்றிப் போயிருந்தன. சண்டைக்கு முன்னால் நடந்த மருத்துவப் பரிசோதனையில் விரலால் மூக்கைத் தொடுவதிலும் ஒற்றைக் காலில் குதிப்பதிலும் சின்னத் தடுமாற்றங்கள் பதிவாகியும், சண்டையிட அனுமதி கிடைத்தது.

பத்து சுற்று நடந்தது. ஒரு சுற்றுகூட அலிக்கு இல்லை. ஹோம்ஸ் குத்திவிட்டு நடுவரைப் பார்க்கிறார், இதை நிறுத்துங்களேன் என்பதுபோல. அடுத்த குத்தில் முழு பலமும் இல்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டீ நிறுத்தினார். சண்டைக்கு அப்புறம் ஹோம்ஸ் அழுதார்.

ஜெயித்தால் வயதானவரை அடித்தவன், தோற்றால் வயதானவரிடம் அடிவாங்கியவன். அன்று ஹோம்ஸுக்கு ஜெயிக்க வழியே இல்லை. அனுமதி கொடுத்தவர்கள், விற்றவர்கள், டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள். பழி குத்தியவன்மேல் விழுந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஜூன் 11

கூனி சண்டை பற்றிச் சுருக்கமாக. 1982 ஜூன் 11, இன்றைய தேதிதான். ஜெர்ரி கூனி 25 சண்டையில் 25 வெற்றி, வெள்ளையர். விளம்பரம் முழுவதும் நிறத்தின்மேல் ஓடியது. சவால் விட்ட கூனிக்கும் சாம்பியனுக்கும் சமமான பணம். சாம்பியனைக் கடைசியாக அறிமுகம் செய்வதுதான் மரபு. அன்று ஹோம்ஸை முதலில் அழைத்தார்கள். கூனி ஜெயித்தால் அதிபர் ரீகன் வாழ்த்துச் சொல்வதற்காக அவர் அறைக்குத் தொலைபேசி இணைப்பு போட்டார்கள் என்றும், ஹோம்ஸின் அறைக்குப் போடவில்லை என்றும் சொல்வார்கள்.

ஹோம்ஸ் அவரை 13ஆவது சுற்றில் முடித்தார். கூனியின் பயிற்சியாளரே ரிங்குக்குள் ஏறிவந்து நிறுத்தினார். இரண்டு பேரும் பிற்பாடு நல்ல நண்பர்கள் ஆனார்கள். விளம்பரம் போட்டவர்கள் மூட்டிய பகை இரண்டு பேர் மனதிலும் ஒட்டவில்லை.

ஜூன் 13

"மற்ற பெல்ட்டுகளை ஏன் ஒன்றுசேர்க்கவில்லை?" இந்தக் குற்றச்சாட்டை ஏற்கிறேன். அந்த ஏழு வருடத்தில் பதவியில் இருந்த ஒரு டபிள்யூ.பி.ஏ. சாம்பியனோடுகூட அவர் மோதவில்லை. டபிள்யூ.பி.ஏ. சாம்பியன் கோட்ஸியாவோடு பேசிய சண்டை நடக்கவில்லை. விதர்ஸ்பூனோடு 1983இல் நடந்த சண்டை பிரிந்த தீர்ப்பு (மதிப்பெண் போட்ட மூவரில் ஒருவர் எதிராளிக்குக் கொடுத்தது), ஒன்பதாவது சுற்றில் ஹோம்ஸ் ஆடிப்போனார். மறுசண்டை கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அதே வருடக் கடைசியில் டபிள்யூ.பி.சி. பட்டத்தை விட்டுவிட்டு, புதிதாக வந்த ஐ.பி.எஃப். என்ற அமைப்பின் அங்கீகாரத்தை எடுத்துக்கொண்டார். பின்னணியில் பணத் தகராறு. சண்டைகளை ஏற்பாடு செய்த புரமோட்டர் டான் கிங் தன் பங்கில் பெருந்தொகையை எடுத்துக்கொண்டார் என்று ஹோம்ஸ் பல வருடம் குற்றம்சாட்டினார், வழக்கும் போட்டார்.

ஒன்றுமட்டும் சேர்த்துச் சொல்கிறேன். யாரோடு யார் மோதுவது என்பதை இந்தத் தொழிலில் குத்துகிறவன் தனியாக முடிவு செய்வதில்லை. புரமோட்டர், தொலைக்காட்சி, பெல்ட் அமைப்பு மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காக விதர்ஸ்பூன் விஷயத்தை மன்னிக்கச் சொல்லவில்லை.

ஜூன் 14

15 சுற்று ஏன் 12 ஆனது என்று கேட்டவருக்கு: 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரியாவின் டுக் கூ கிம், 14ஆவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதையடுத்து டபிள்யூ.பி.சி. 12ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் சில வருடம் கழித்துத்தான் மாறின. அதனால் 1985இல் ஐ.பி.எஃப். பட்டத்துக்காக ஹோம்ஸ் இன்னும் 15 சுற்றே ஆடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 16

ஸ்பிங்க்ஸ். 1985 செப்டம்பர் 21. ஹோம்ஸ் 48–0, அதாவது 48 சண்டையில் 48 வெற்றி. இன்னொன்று ஜெயித்தால், தோற்காமலேயே ஓய்வுபெற்ற பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49–0. தேதியையும் பாருங்கள்: மார்சியானோ ஆர்ச்சி மூரை வென்று தன் கடைசிச் சண்டையை முடித்தது 1955 செப்டம்பர் 21. சரியாக முப்பது வருடம்.

மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 175 பவுண்டு லைட் ஹெவிவெயிட் சாம்பியன், ஹெவிவெயிட்டுக்குக் கீழான எடைப் பிரிவு. உடம்பை ஏற்றிக்கொண்டு சுமார் 200 பவுண்டில் வந்தார். பதவியில் இருக்கும் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் யாரும் அதுவரை ஹெவிவெயிட் பட்டம் வென்றதில்லை. 35 வயது ஹோம்ஸ் கையை வைத்துக்கொண்டு யோசிக்கிறார், ஸ்பிங்க்ஸ் கோணல் கோணலாக வந்து குத்திவிட்டு ஓடுகிறார். மூன்று பேரும் ஸ்பிங்க்ஸுக்கே கொடுத்தார்கள். ஜாப் அன்று கிளம்பவே மாட்டேன் என்றது. இளைய வயதில் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யும். வயதானால் கண் பார்த்துவிடும், கை தாமதமாகப் போகும். படத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது.

அன்று பத்திரிகையாளர்களுக்கு முன்னால் ஹோம்ஸ் மார்சியானோவை மட்டமாகப் பேசிவிட்டார். மார்சியானோவின் குடும்பத்தார் அங்கே இருந்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் பல சண்டைகளை மறைத்துவிட்டது. ஏழு வருடமாக அலியின் நிழலில் நின்றவரை, கடைசியில் மார்சியானோவின் எண்ணிக்கையோடு நிறுத்தினார்கள். அந்த இரவு வாயில் வந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

1986 மறுசண்டையும் பிரிந்த தீர்ப்பில் ஸ்பிங்க்ஸுக்கே போனது. பார்த்தவர்களில் பலர் ஹோம்ஸ் ஜெயித்ததாகச் சொன்னார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

ஜூன் 17

டைசன், 1988 ஜனவரி 22, அட்லாண்டிக் சிட்டி. ஹோம்ஸுக்கு 38 வயது, ஏறக்குறைய இரண்டு வருடம் சண்டையே இல்லை. 1980இல் அலி இருந்த அதே நிலை. நாலாவது சுற்றில் கால் விரலில் துள்ளி ஜாப் போட ஆரம்பித்தார். ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. டைசனின் வலக்கை வந்தது. இரண்டு முறை விழுந்தும் எழுந்தார், மூன்றாவது முறை முடியவில்லை. 75 சண்டையில் அவர் முழுநேரம் நிற்காமல் தோற்றது இது ஒன்றுதான்.

ஜூன் 19

"பணத்துக்காகத் திரும்பி வந்தார்" என்பதற்குப் பதில். வந்தார், அதனால் என்ன? சம்பாதித்ததை ஈஸ்டனிலேயே கட்டடங்களில் போட்டவர். உலகச் சாம்பியன்கள் பலர் கடனில் முடிந்த தொழிலில் இவர் சொத்தோடு முடித்தார்.

திரும்பி வந்து என்ன செய்தார் என்று பாருங்கள். 1992 பிப்ரவரியில், 42 வயதில், ரே மெர்சரை எதிர்கொண்டார். மெர்சர் 1988 ஒலிம்பிக் தங்கம், அதுவரை தோல்வி கிடையாது. ஹோம்ஸ் கால்களை நம்பவில்லை. மூலையில் சாய்ந்து நின்று மெர்சரைப் பக்கத்தில் வரவிட்டார். தோளாலும் முன்கையாலும் குத்துகளை வாங்கிச் சரித்துவிட்டு, இடைவெளியில் சின்னச் சின்ன வலக்கை வைத்தார். வேகம் போன பிறகு மிச்சம் இருக்கும் வித்தை அது. 12 சுற்று, மூன்று தாளிலும் ஹோம்ஸ். அதன் பலனாக அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு கிடைத்த சண்டையில் தோற்றாலும் 12 சுற்றும் நின்றார். 1995இல் ஆலிவர் மெக்காலோடு, 45 வயதில், மறுபடி உலகப் பட்டத்துக்கு. சில புள்ளிகளில் நழுவியது. கடைசிச் சண்டை 2002இல். மொத்தம் 69 வெற்றி, 6 தோல்வி, 44 நாக் அவுட்.

ஜூன் 20

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அலி சண்டையைப் பார்க்காதீர்கள், குறைந்தது முதலில் பார்க்காதீர்கள். நார்டன் சண்டையை முழுதாகப் பாருங்கள், இயன்றால் ஒலி இல்லாமல். அடுத்து ஷேவர்ஸ் இரண்டாவது சண்டை, ஏழாவது சுற்றிலிருந்து. அப்புறம் மெர்சர். மெர்சர் சண்டையில் ஹோம்ஸின் கையைப் பார்க்காமல் தோளைப் பாருங்கள். மதிப்பெண் போட்டால் இங்கே எழுதுங்கள், குறிப்பாக நார்டன் சண்டையின் 15ஆவது சுற்று யாருக்கு என்று.